பழைய அலுமினியப் பாத்திரங்களுக்கும் செக்ஷனுக்கும் நியாயமான விலையை எப்படித் தெரிந்துகொள்வது? (தண்டையார்பேட்டை)

கேள்வி: தண்டையார்பேட்டை மகள்

அனைவருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் என் அம்மா 22 ஆண்டுகளாக நடத்தி வந்த டிபன் கடையை, அவருடைய முழங்கால் வலியின் காரணமாகச் சென்ற மாதம் மூடிவிட்டோம். எவர்சில்வர் சாமான்களையும் மேசை நாற்காலிகளையும் உறவினர்கள் எடுத்துக்கொண்டார்கள். அலுமினியம் மட்டும் வீட்டின் பின்கட்டில் குவிந்து கிடக்கிறது. மூடியோடு இரண்டு பெரிய தேக்சாக்கள், ஓர் இட்லிக் கொப்பரை, பல அளவுகளில் அன்னக்கூடைகள், நசுங்கிய வடிதட்டுகள், கைப்பிடி உடைந்த குக்கர்கள், சமையற்கட்டைப் பிரித்திருந்த தடுப்பின் செக்ஷன்கள், அதாவது அலுமினியச் சட்டங்கள் (கண்ணாடியைக் கழற்றிவிட்டோம்), பழைய மின்விசிறி ஒன்றின் உடல், கடைக்கு வயரிங் செய்தபோது மிஞ்சிய அலுமினியக் கம்பி, கதவுப் பிடி போன்ற சில வார்ப்புத் துண்டுகள் ஆகியவை அதில் இருக்கின்றன.

தெருவில் மூன்று சக்கர வண்டியில் வரும் பெரியவர் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி எடுத்துக்கொள்வதாகவும் கிலோவுக்கு 90 ரூபாய் தருவதாகவும் சொன்னார். எங்கள் தெருமுனைப் பழைய இரும்புக் கடையில் 115 ரூபாய் என்றார்கள். வியாசர்பாடியில் இருக்கும் என் சித்தி மகன், அவர்கள் பகுதியில் 160 ரூபாய் வரை கொடுப்பதாகச் சொல்கிறான். இணையத்தில் தேடினால் எம்.சி.எக்ஸ். என்ற பொருள் வணிகச் சந்தையில் அலுமினியம் கிலோ 250 ரூபாயை ஒட்டி இருப்பதாகக் காட்டுகிறது. ஒரே பொருளுக்கு ஒரே வாரத்தில் இப்படி நான்கு விலைகள் இருப்பது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

எடையிலும் ஐயம் இருக்கிறது. வண்டிக்காரர் தம்முடைய தொங்கு தராசில் நிறுத்து 58 கிலோ என்றார். நான் உடல் எடை பார்க்கும் கருவியின் மேல் நின்று, பாத்திரங்களைக் கையில் பிடித்தும் பிடிக்காமலும் எடை பார்த்துக் கழித்துக் கூட்டியபோது 62 கிலோ வந்தது. ஆனால் அந்தக் கருவியையும் எவ்வளவு நம்பலாம் என்று தெரியவில்லை.

பெரிய தொகை இல்லை என்று சிலர் நினைக்கக்கூடும். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து இட்லி ஊற்றிய பாத்திரங்கள் இவை என்பதால், அம்மாவுக்கு இவற்றின் உண்மையான மதிப்பு கிடைத்தாக வேண்டும் என்று விரும்புகிறேன். இந்தத் தொழிலை அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: உலைக்களம்

வணக்கம் அம்மா. நான் அலுமினிய வார்ப்புப் பட்டறை ஒன்றில் 19 ஆண்டுகள் வேலை செய்தவன். அவற்றில் பாதிக் காலம், உலைக்கு வரும் பழைய அலுமினியத்தைப் பார்த்து வாங்குவதே என் வேலையாக இருந்தது. நீங்கள் கேட்ட நான்கு விலைகளும் நான்கு வேறு பொருள்களின் விலைகள் என்று எடுத்துக்கொண்டால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

முதலில் அந்த 250 ரூபாயைப் பார்ப்போம். எம்.சி.எக்ஸ். சந்தையில் விலை கிலோவுக்குச் சொல்லப்பட்டாலும், வணிகம் 1 டன், 5 டன் என்ற அளவுகளில் நடக்கிறது. அந்தப் பொருள் உருக்காலையிலிருந்து நேராக வந்த புதிய பாளம், 100-க்கு 99.7 பங்கு தூய்மையுடையது. அந்த விலை லண்டன் உலோகச் சந்தையின் டாலர் விலையையும், அன்றைய ரூபாய் மாற்று மதிப்பையும் பின்பற்றி ஏறி இறங்கும். ஆகவே உங்கள் வீட்டுப் பின்கட்டில் இருக்கும் எந்தப் பொருளுக்கும் அந்த விலை கிடைக்காது. அதை மேல் எல்லையாக மட்டும் கொள்ளுங்கள். அது 10 ரூபாய் ஏறினால் பழைய அலுமினியமும் சில நாள்களில் ஏறும், இறங்கினால் அதைவிட விரைவாக இறங்கும். 2022 மார்ச்சில் லண்டன் விலை டன்னுக்கு 4,000 டாலரைக் கடந்து, பிறகு அதே ஆண்டில் வெகுவாகச் சரிந்தது. அந்தக் காலத்தில் விற்றவர்கள் சொல்லும் தொகையை இன்றைய விலையோடு ஒப்பிட்டு மனம் வருந்துவதும் தவறு, மகிழ்வதும் தவறு. என்றைக்கு விற்கிறீர்களோ அன்றைய விலையைப் பாருங்கள்.

அடுத்தது தரம். அலுமினியம் என்ற ஒரே பெயரில் உங்களிடம் குறைந்தது நான்கு உலோகங்கள் இருக்கின்றன. கம்பி என்பது மின்சாரம் கடத்துவதற்காகச் செய்யப்பட்டது, 99.5 பங்கு தூய்மை இருக்க வேண்டும் என்பதால் வேறு எதையும் கலக்க மாட்டார்கள். செக்ஷனில் மெக்னீசியமும் சிலிக்கனும் 100-க்கு ஒரு பங்கு அளவில்தான் கலந்திருக்கும். சுத்தமான செக்ஷனை உருக்கி மறுபடியும் செக்ஷனாகவே இழுக்கலாம் என்பதால் அதற்கு எப்போதும் தேவை உண்டு. பாத்திரத் தகடும் நல்ல உலோகமே என்றாலும், அடியில் படிந்த கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் உலையில் எரிந்து போவதால் அதற்கேற்பக் குறைத்துத்தான் கேட்பார்கள். வார்ப்பு என்பது தனி இனம். வண்டி உதிரிப் பாகங்களுக்கு அதிகமாகப் பயன்படும் ஏ.டி.சி. 12 போன்ற கலவையில் சிலிக்கன் மட்டுமே 10 பங்கை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும், செம்பும் இருக்கும். அதை மறுபடியும் வார்ப்புக்குத்தான் பயன்படுத்த முடியுமே தவிர, கம்பியாக இழுக்க முடியாது. இந்த நான்கையும் ஒரே மூட்டையில் கட்டிக் கொடுத்தால், வாங்குபவர் அவற்றில் மிகவும் குறைந்த தரத்தின் விலையைத்தான் முழு மூட்டைக்கும் சொல்வார். வண்டிக்காரர் சொன்ன 90 ரூபாய் அப்படிப்பட்ட விலை. அவரைக் குறை சொல்லவும் மாட்டேன். வெயிலில் தெருத் தெருவாகத் தள்ளிக்கொண்டு போய், பிரித்து, கழற்றி, கடையில் சேர்க்கும் கூலியும் அந்த வித்தியாசத்திலிருந்துதான் அவருக்குக் கிடைக்க வேண்டும்.

மூன்றாவதாக, எல்லாவற்றையும்விட முக்கியமானது இரும்பு. செக்ஷனில் உள்ள திருகாணிகள், குக்கர் கைப்பிடியின் போல்ட்டுகள், மின்விசிறியின் தண்டு ஆகியவை எடையைக் கூட்டுவதால் விற்பவருக்கு லாபம் என்று தோன்றும். உண்மை நேர்மாறானது. உருகிய அலுமினியத்தில் இரும்பு கரையக்கூடியது. ஒருமுறை கரைந்துவிட்டால் எங்களைப் போன்ற சிறிய உலைகளில் அதைப் பிரிக்கவே முடியாது, அந்த உருக்கில் வார்த்த பொருள் எளிதில் வெடித்து உடையும். ஆகவே இரும்பு ஒட்டிய பொருளைக் கண்டால், அந்த இரும்பின் எடையைக் கழிப்பதோடு நிற்காமல் முழுப் பொருளையும் ஒரு படி கீழே இறக்கிவிடுவார்கள். ஒரு ஸ்க்ரூ டிரைவரும் சிறிய காந்தமும் வைத்துக்கொண்டு ஒரு பிற்பகல் செலவழித்தால், கிலோவுக்கு 20, 30 ரூபாய் கூடுதலாகக் கிடைக்க வாய்ப்பு உண்டு. செக்ஷனில் கண்ணாடியைப் பிடித்திருந்த ரப்பர் பட்டையையும் (பீடிங்) உருவி எடுத்துவிடுங்கள். மேலே உள்ள வண்ணப் பூச்சைச் சுரண்ட வேண்டாம். அதற்குச் செலவாகும் உழைப்புக்குப் பலன் இல்லை.

இனி, எது நியாயம் என்று முடிவு செய்ய ஒரு கணக்கு. என் அனுபவத்தில், தெருவோரக் கடை வாசலில் கிடைக்கும் விலை அன்றைய எம்.சி.எக்ஸ். விலையில் பாதிக்கும் முக்கால் பங்குக்கும் இடையில் இருக்கும். கழற்றிச் சுத்தம் செய்த செக்ஷனும் கம்பியும் முக்கால் பங்கைத் தொடலாம், சற்றுத் தாண்டவும் செய்யலாம். பாத்திரம் அதற்குக் கீழே. வார்ப்பு பாதியை ஒட்டி. எங்கள் உலையில் கனமான வார்ப்புத் துண்டுகளை உருக்கும்போது 100 கிலோவுக்கு 4, 5 கிலோ கசடாகப் போகும். மெல்லிய தகடாக இருந்தால் இழப்பு அதைப்போல் இரண்டு மடங்காகும். அந்த இழப்பு, உருக்கும் எரிபொருள், வண்டிக் கூலி, இடையில் கைமாறும் இரண்டு மூன்று பேரின் லாபம் ஆகியவற்றுக்குத்தான் மீதிப் பங்கு போகிறது. பழையதற்கு இவ்வளவாவது விலை இருப்பதற்கும் காரணம் உண்டு. புதிய அலுமினியம் 1 கிலோ எடுக்க மின்பகுப்புக்கு மட்டுமே 13 முதல் 15 யூனிட் வரை மின்சாரம் வேண்டும். பழையதை உருக்குவதற்கு, புதியது எடுக்க ஆகும் ஆற்றலில் 20-இல் ஒரு பங்கு போதும்.

எனவே, பிரித்து வைத்த ஒவ்வொரு வகையிலிருந்தும் ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒரே நாளில் மூன்று கடைகளுக்குப் போய், "இது கிலோ என்ன, இது கிலோ என்ன" என்று தனித்தனியாகக் கேளுங்கள். தொலைபேசியில் "அலுமினியம் என்ன விலை" என்று கேட்டால் சரியான பதில் கிடைக்காது, ஏனெனில் கேட்பவரிடம் எது இருக்கிறது என்று கடைக்காரருக்குத் தெரியாது.

பதில் 2: காசிமேட்டு அக்கா

தங்கச்சி, மேலே உலைக்களம் பெரியவர் சொன்னவை அனைத்தும் சரியானவை. ஆனால் அவர் உலையின் பக்கத்திலிருந்து பார்ப்பதால் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். உங்களிடம் இருக்கும் இரண்டு தேக்சாக்களும் இட்லிக் கொப்பரையும் உடையாமல் ஓட்டையில்லாமல் இருந்தால், அவற்றைக் காயலாங்கடைப் பக்கமே கொண்டு போகாதீர்கள். கடையில் வைத்துத் தேய்ந்த கனமான தேக்சாவுக்கு வடசென்னையில் எப்போதும் ஆள் இருக்கிறது. கல்யாணச் சமையல் எடுப்பவர்கள், சாலையோரம் பிரியாணி போடுபவர்கள், வாடகைப் பாத்திரக் கடைக்காரர்கள் ஆகியோர் புதியதன் விலையில் பாதி கொடுத்துக்கூட வாங்கிக்கொள்வார்கள். புதிய அலுமினியப் பாத்திரத்தையும் கடைகளில் நிறுத்துத்தான் விற்கிறார்கள் என்பதால், சவுகார்பேட்டையில் ஏதாவது ஒரு பாத்திரக் கடையில் அதே அளவு தேக்சாவின் கிலோ விலையை விசாரித்து, அதில் பாதியை உங்கள் மனத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அப்படி விற்றால் உலோகத்தின் விலை மட்டுமன்றிப் பாத்திரத்தின் விலையும் கிடைக்கிறது.

அன்னக்கூடைகள் வேறு. நான் மீன் வியாபாரம் செய்கிறேன்; எங்கள் கூடைகளில் ஐஸும் உப்புத் தண்ணீரும் நின்று நின்று ஊசி குத்தியதுபோல் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் நன்றாக இருக்கும், வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் நட்சத்திரம்போல் ஒளி தெரியும். உங்கள் கூடைகளையும் அப்படித் தூக்கிப் பாருங்கள். ஒளி தெரிந்தால் நிறுத்துப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஒளி தெரியாதவற்றை எங்கள் பக்கம் கொண்டு வந்தால், மீன் விற்கும் பெண்களே வாங்கிக்கொள்வார்கள்.

இன்னொன்று, பழைய கடைகளில் இன்னும் சிலர் அலுமினியத்தை "ஈயம்" என்றே சொல்கிறார்கள். "ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று கூவிக்கொண்டு வந்த காலத்திலிருந்து வந்த பழக்கம் அது. உண்மையில் காரீயம் என்பது பேட்டரியில் இருக்கும் வேறு உலோகம், வெள்ளீயம் என்பது பித்தளைக்குப் பூசுவது. விலைப் பலகையில் "ஈயம்" என்று எழுதியிருந்தால் அது எந்த ஈயம் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு பேசுங்கள். என் மாமியார் ஒருமுறை காரீயத்தின் விலையை அலுமினியத்தின் விலை என்று எண்ணிக்கொண்டு கடைக்காரரிடம் வீணாகச் சண்டை போட்டுவிட்டு வந்தார்.

பதில் 3: தராசுமுள்

எடை பற்றி நீங்கள் கேட்டதற்கு இதுவரை யாரும் பதில் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். விலையில் 5 ரூபாய்க்குப் பேரம் பேசிவிட்டு எடையில் 4 கிலோவை இழப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் கணக்கில் 62-க்கும் 58-க்கும் உள்ள வேறுபாடு 100-க்கு 6 பங்குக்கு மேல். 115 ரூபாய் விலையில் அது 460 ரூபாய்.

உடல் எடை பார்க்கும் கருவி வணிகத்துக்கு உரியது அல்ல. ஆயினும் அது சரியாகக் காட்டுகிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். 2022 ஜூலையில் 25 கிலோ வரையான அரிசி மூட்டைகளுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்த பிறகு, பல ஆலைகள் 26 கிலோ மூட்டையாகக் கட்டத் தொடங்கின. பிரிக்காத அப்படிப்பட்ட ஒரு மூட்டை வீட்டில் இருந்தால், அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று பாருங்கள். 26-க்குச் சற்று மேலே, சாக்கின் எடையும் சேர்ந்து காட்ட வேண்டும். மூட்டை இல்லாவிட்டால், 1 லிட்டர் குடிநீர் பாட்டிலால் பத்து முறை அளந்து ஒரு வாளியில் ஊற்றி, வாளியின் எடையைக் கழித்துப் பாருங்கள். 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ.

கடையில் பார்க்க வேண்டியது வேறு. வணிகத்துக்குப் பயன்படுத்தும் மின்னணுத் தராசுகளை ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்த்து முத்திரையிட வேண்டும் என்பது சட்டமுறை எடையளவு விதி. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை அதைக் கவனிக்கிறது. முத்திரையிட்டதற்கான சான்றிதழைக் கடையில் பார்வையில் படும்படி வைத்திருக்க வேண்டும். பொருளை வைப்பதற்கு முன்பு தராசு சுழியத்தைக் காட்டுகிறதா என்று பாருங்கள், பாத்திரம் சுவரிலோ தரையிலோ முட்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள், எண் அசையாமல் நின்ற பிறகு நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். கையால் தூக்கிப் பிடிக்கும் தொங்கு தராசில் எண் நிற்பதற்கு முன்பே பொருளை இறக்கிவிடுவது வழக்கம். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு வகையையும் தனித்தனியாக நிறுக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் நிறுத்து முடித்த பிறகு "கழிவு" என்று சொல்லி மொத்தத்தில் 2 கிலோ, 3 கிலோ குறைக்கும் பழக்கம் சில கடைகளில் இருப்பதால், கழிவு உண்டா என்பதை விலை கேட்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

பதில் 4: கொருக்குப்பேட்டை வாசி

கம்பியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வயரிங்கில் மிஞ்சியது என்றால் அதன் ரசீது இருந்தால் எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் இன்சுலேஷனோடு அப்படியே கொண்டு போங்கள். வெறும் அலுமினியக் கம்பியைக் கண்டாலே நேர்மையான கடைக்காரர்கள் தயங்குவார்கள், ஏனெனில் மின்வாரியத்தின் மேல்நிலைக் கம்பிகளைத் திருடி விற்கும் வழக்குகள் நடக்கின்றன. மின்சாரச் சட்டம் 2003-இன் 136-ஆம் பிரிவின் கீழ் அதற்கு மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. இன்சுலேஷனை எரித்து எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் செய்யாதீர்கள். அந்தப் புகை நஞ்சு, கறுத்துப் போன கம்பிக்கு விலையும் குறையும்.

ஜி.எஸ்.டி. என்று சொல்லி விலையைக் குறைத்தால் அதற்கும் பதில் இருக்கிறது. பதிவு செய்யாத ஒருவரிடமிருந்து பதிவு பெற்ற வணிகர் உலோகக் கழிவு வாங்கினால், 2024 அக்டோபர் 10 முதல் அந்த வரியை வாங்குபவரே செலுத்த வேண்டும். பிறகு தாம் விற்கும்போது கட்டும் வரியில் அதைக் கழித்துக்கொள்ளும் வழியும் அவருக்கு இருக்கிறது. வீட்டுச் சாமான் விற்கும் உங்களிடமிருந்து 18 சதவீதத்தைப் பிடிப்பதற்கு நியாயம் இல்லை.

வியாசர்பாடிக்குக் கொண்டு போவது பற்றி ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். 35, 40 கிலோவுக்குக் கிலோவுக்கு 25 ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால் ஏறக்குறைய 1,000 ரூபாய். குட்டியானை எனும் சிறிய சரக்கு வண்டிக்கு அதில் பாதி போய்விடும். ஷேர் ஆட்டோவிலோ உறவினர் வண்டியிலோ இரண்டு நடையாகக் கொண்டு போக முடிந்தால் மட்டுமே அந்த வித்தியாசம் முழுமையாகக் கையில் நிற்கும்.

தண்டையார்பேட்டை மகள்

உங்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று முழுவதும் நானும் தம்பியும் உட்கார்ந்து பிரித்தோம். ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. கதவுப் பிடிபோல் இருக்கும் வார்ப்புத் துண்டுகளில் காந்தம் ஒட்டவில்லை, நிறமும் அலுமினியம்போலவே இருக்கிறது, ஆனால் அளவுக்கு மீறிக் கனக்கின்றன. இவை அலுமினியம்தானா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

உலைக்களம்

அவை நாகக் (துத்தநாகக்) கலவையாக இருக்க வேண்டும். பூட்டு, கைப்பிடி, குழாய்த் தலை போன்றவற்றை நாகத்தில் வார்ப்பது வழக்கம், முலாம் பூசிவிட்டால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. வீட்டில் சமையலறைத் தராசு இருந்தால் பிழையில்லாமல் கண்டுபிடிக்கலாம். முதலில் துண்டின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைச் சுழியத்துக்குக் கொண்டு வாருங்கள். துண்டை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். அப்போது தராசு காட்டும் கிராம்தான் துண்டு விலக்கிய தண்ணீரின் எடை. முதல் எடையை இதனால் வகுத்தால் 2.7-ஐ ஒட்டி வருவது அலுமினியம், 6.6-ஐ ஒட்டி வருவது நாகக் கலவை, 7.8 என்றால் எஃகு. காந்தம் ஒட்டாத எவர்சில்வரும் உண்டு என்பதால் காந்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். நாகத்தை வார்ப்பு அலுமினியத்தோடு சேர்த்து விட்டால் கடைக்காரர் அதைப் பொறுக்கி எடுத்துவிட்டு மற்றவற்றின் மீதும் சந்தேகப்படுவார். தனியாகக் கொடுங்கள், அதற்கும் விலை உண்டு.

தண்டையார்பேட்டை மகள்

பத்து நாள்களுக்குப் பிறகு எழுதுகிறேன். நடந்ததை விவரமாகச் சொன்னால் பிறருக்கும் பயன்படும் என்று நினைக்கிறேன்.

கதவுப் பிடிகள் 1,320 கிராம் இருந்தன. தண்ணீரில் 200 கிராம் காட்டியது. வகுத்தால் சரியாக 6.6 வந்தபோது தம்பிக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய தராசை அரிசி மூட்டையால் சரிபார்த்துவிட்டு எடை போட்டதில் மொத்தம் 62.4 கிலோ வந்தது.

இரண்டு தேக்சாக்களும் இட்லிக் கொப்பரையுமாக 19 கிலோ. திருவொற்றியூரில் சமையல் ஒப்பந்தம் எடுக்கும் ஒருவர் வீட்டுக்கே வந்து பார்த்து 4,800 ரூபாய் கொடுத்து எடுத்துப் போனார். மீதியிலிருந்து ஒவ்வொரு துண்டை எடுத்துக்கொண்டு எங்கள் தெருமுனைக் கடை, கொருக்குப்பேட்டையில் ஒரு கடை, வியாசர்பாடியில் ஒரு கடை என மூன்று இடங்களில் கேட்டேன். முதலில் 115 என்று சொன்ன தெருமுனைக் கடையிலேயே, பிரித்த சாமானைப் பார்த்ததும் பாத்திரத்துக்கு 140 என்றார்கள். வியாசர்பாடியில் 155 என்றாலும் அங்கே கழிவு பிடிப்பதாகச் சொன்னதால், கழிவில்லாமல் எடுத்துக்கொண்ட கொருக்குப்பேட்டைக் கடையில் போட்டோம். அன்று எம்.சி.எக்ஸ். விலை 250 ரூபாயை ஒட்டியே இருந்தது.

பாத்திரமும் வெளிச்சம் தெரிந்த அன்னக்கூடைகளும் 16.4 கிலோ, கிலோ 150 ரூபாய் வீதம் 2,460. செக்ஷன் 11.8 கிலோ, 175 வீதம் 2,065. மின்விசிறி உடலும் மற்ற வார்ப்புகளும் 5.2 கிலோ, 125 வீதம் 650. கம்பி 1.6 கிலோ, 190 வீதம் 304. அதன் ரசீதை அம்மா பத்திரமாக வைத்திருந்தார். கழற்றிய திருகாணிகளும் இரும்பும் 4 கிலோவுக்கு 112. நாகம் 1.3 கிலோவுக்கு 130. எல்லாம் சேர்த்து 10,521 ரூபாய் அம்மாவின் கையில் கொடுத்தேன். முதல் நாளே 58 கிலோ என்று ஒப்புக்கொண்டு 90 ரூபாய்க்குக் கொடுத்திருந்தால் 5,220 ரூபாய்தான் கிடைத்திருக்கும். காசிமேட்டு அக்கா சொன்னபடி தேக்சாக்களைத் தனியே விற்றதுதான் இதில் பெரிய பங்கு.

கைப்பிடிகளும் ரப்பரும் போக, 1.8 கிலோ எடையுள்ள ஒரு குக்கர் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. அதன் அடிப்பாகத்தில் காந்தம் ஒட்டுகிறது, சுவரில் ஒட்டவில்லை. கடைக்காரர் இரும்பு விலைக்குத்தான் எடுப்பேன் என்றதால் கொடுக்கவில்லை. அடியை ரம்பத்தால் அறுத்து எடுத்துவிட்டால் மேற்பகுதிக்கு அலுமினிய விலை கிடைக்குமா?

உலைக்களம்

இண்டக்‌ஷன் அடுப்புக்காக அடியில் எஃகுத் தகடு வைத்து அழுத்திய குக்கர் அது. இரண்டு உலோகங்களும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால் தகட்டைத் தனியாக உரிக்க முடியாது. அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் சுற்றிலும் அறுத்தால் மேற்பகுதி சுத்தமான பாத்திர அலுமினியமாக வந்துவிடும். மூடியும் அப்படியே அலுமினியம்தான். அதில் உள்ள விசில் குழாயையும் பாதுகாப்பு வால்வையும் மட்டும் கழற்றிவிடுங்கள். ஆனால் 1.8 கிலோவில் உங்களுக்கு மேற்பகுதியும் மூடியுமாக 1 கிலோ தேறினாலே அதிகம். 150 ரூபாய்க்காக ஆக்சா பிளேடு வாங்கி வீட்டில் அறுக்க வேண்டாம், தகட்டின் விளிம்பு கையைக் கிழிக்கும். தெருமுனைக் கடையில் அறுக்கும் கருவி இருந்தால், மூடியைத் தனியாகப் பாத்திர விலைக்குப் போட்டுவிட்டு, உடலை அவர்களையே அறுத்து நிறுக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.